மூடி வைத்த லேப்டாப் திங்கட்கிழமை செத்துக் கிடக்கிறது, ஹைபர்னேட்டுக்கு வழி உண்டா?

மெய்ப்பாளர்:

எல்லோருக்கும் வணக்கம். புத்தகங்களுக்கு மெய்ப்புப் பார்ப்பது என் தொழில். ஒரே நூலின் மூன்று பிரதிகள் எப்போதும் என் திரையில் திறந்திருக்கும்: ஆசிரியரின் மூலப்படி, வடிவமைப்பாளர் அனுப்பிய பிடிஎஃப், நான் திருத்திக்கொண்டிருக்கும் படி. பக்கத்திலேயே இரண்டு அகராதிகள், சரிபார்ப்பதற்காகத் தேடிப் பிடித்த பக்கங்கள் ஒரு பதினைந்து இருபது. மூன்று படிகளும் ஒரே பத்தியில் வந்து நிற்கும்படி ஒழுங்கு செய்யவே தினமும் அரை மணி நேரம் ஆகும். அதனால் ஷட்டவுன் செய்வதே இல்லை. மூடியைச் சாத்துவேன், மறுநாள் திறந்ததும் விட்ட வரியிலிருந்து தொடங்குவேன்.

போன வெள்ளி மாலை 214-ஆம் பக்கத்தில் நிறுத்தி மூடி வைத்தேன். பேட்டரி அப்போது முக்கால்வாசி இருந்தது. திங்கள் காலை திறந்தால் திரை கறுப்பு. சார்ஜரைச் செருகியதும் முதலிலிருந்து பூட் ஆனது. திருத்திய படி சேமித்திருந்ததால் பிழைத்தது. ஆனால் ஆசிரியரிடம் கேட்க வேண்டும் என்று தனி ஜன்னலில் தட்டி வைத்திருந்த பதினொரு சந்தேகங்கள் போய்விட்டன. அதில் நான்குதான் நினைவுக்கு வந்தது. மிச்சத்துக்காக நாற்பது பக்கங்களை மறுபடி படித்தேன்.

ஏழு வருடம் உழைத்த என் பழைய லேப்டாப்பை இதேபோல் மூன்று நாள் மூடி வைத்தாலும் திறந்ததும் விழித்துக்கொள்ளும். புதியது அதைவிட எல்லா வகையிலும் வேகம், இந்த ஒன்றில் மட்டும் மோசம். இன்டெல் சிபியு, 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி, டெபியன் லினக்ஸ் மட்டுமே இருக்கிறது. திறந்திருப்பதை வட்டில் எழுதிவிட்டு அணையும் ஹைபர்னேட் என்ற சொல்லே மெனுவில் காணோம்.

புதிய இயந்திரம் ஏன் இப்படித் தின்கிறது? ஹைபர்னேட்டைக் கொண்டுவர முடியுமா? தினமும் செய்தால் எஸ்எஸ்டி தேய்ந்துவிடும் என்கிறார்களே, அது உண்மையா?

கோடைமழை:

ஷட்டவுன் செய்துவிடுங்கள். இப்போதைய எஸ்எஸ்டியில் பூட் ஆக இருபது வினாடி கூட ஆகாது. உலாவி பழைய பக்கங்களைத் தானே திறந்துவிடும். இதற்காக மெனக்கெட வேண்டுமா?

மெய்ப்பாளர்:

பூட் ஆகும் நேரம் எனக்குப் பிரச்சினையே இல்லை. உலாவி பக்கங்களை மீட்கும், சரி. மூன்று படிகளில் நான் நின்ற வரிகளை, செயல்நீக்க வரலாற்றை, பாதி எழுதிய குறிப்பை யார் மீட்பார்கள்? வேலையை உள்ளது உள்ளபடி நிறுத்தி வைக்க ஒரு வழி வேண்டும்.

நூல்பிடி:

மெய்ப்பாளர் கேட்பது நியாயமான கேள்வி. நானும் இதே வலியில் ஒரு மாதம் கிடந்தேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

உங்கள் பழைய லேப்டாப் தூங்கியது எஸ்3 என்ற நிலையில். 1996 டிசம்பரில் இன்டெல், மைக்ரோசாஃப்ட், டோஷிபா மூன்றும் சேர்ந்து மின்சாரச் செலவைக் கட்டுப்படுத்துவதற்கான ஏசிபிஐ என்ற விதிமுறையை வெளியிட்டன. அதற்கு முன் 1992 முதல் இருந்தது ஏபிஎம். அதில் எப்போது தூங்குவது என்பதைப் பெரும்பாலும் பயாஸே (இயந்திரத்திலேயே பதிந்திருக்கும் தொடக்க நிரல்) பார்த்துக்கொள்ளும், இயங்குதளத்துக்கு அதிகம் அதிகாரம் கிடையாது. ஏசிபிஐ வந்த பிறகு அந்தப் பொறுப்பு இயங்குதளத்தின் கைக்கு வந்தது. எஸ்3 என்றால் ரேமின் உள்ளடக்கம் அழியாமல் இருக்கத் தேவையான மின்சாரம் மட்டும் சொட்டுச் சொட்டாகப் போகும், சிபியு உட்பட மற்றதெல்லாம் அணைந்துவிடும். எஸ்4 என்பதுதான் ஹைபர்னேட். ரேமில் இருப்பதை வட்டில் எழுதிவிட்டு முழுவதும் அணைவது. எஸ்5, நாம் அறிந்த ஷட்டவுன்.

பிறகு, மூடி வைத்த லேப்டாப்பும் கைபேசி போல உடனே விழிக்க வேண்டும், தூக்கத்திலும் மின்னஞ்சல் இறங்க வேண்டும் என்ற ஆசை வந்தது. 2012-இல் விண்டோஸ் 8-உடன் கனெக்டட் ஸ்டாண்ட்பை, 2015-இல் விண்டோஸ் 10-உடன் மாடர்ன் ஸ்டாண்ட்பை. இதில் சிபியு அணைவதில்லை, வேலையில்லாமல் ஆழ்ந்த ஓய்வுக்குப் போகிறது. லினக்ஸில் இதற்கு எஸ்2ஐடில் என்று பெயர். ஒழுங்காக நடந்தால் எஸ்3-க்குப் பக்கத்தில் வந்துவிடும். சிக்கல் அந்த ‘ஒழுங்காக’ என்பதில் இருக்கிறது. வீட்டில் எல்லோரும் படுத்தால்தான் கூடத்து விளக்கை அணைக்க முடியும். ஒரே ஒருவர் விழித்திருந்தாலும் விளக்கு எரியும். அதுபோல வைஃபை கார்டு, எஸ்எஸ்டி, யுஎஸ்பி கன்ட்ரோலர் இவற்றில் ஒன்று ஓய்வுக்குப் போக மறுத்தாலும் மொத்த சிப்பும் ஆழத்துக்கு இறங்காது. வெளியே பார்த்தால் திரை இருட்டு, உள்ளே விடிய விடிய விளக்கு.

இது போதாதென்று, புதிய லேப்டாப்புகள் பலவற்றின் ஃபர்ம்வேரில், அதாவது பயாஸ் போன்ற உள்நிரலில், எஸ்3-ஐயே எடுத்துவிட்டார்கள். இயங்குதளம் கேட்டாலும் கிடைக்காது.

உங்களுடையதில் என்ன நிலைமை என்று முதலில் அளந்து பாருங்கள். சிஸ் அடைவுக்குள் பவர் அடைவில் மெம்_ஸ்லீப் என்ற கோப்பைப் படியுங்கள். அதில் எஸ்2ஐடில், டீப் என்று இரண்டு சொற்கள் இருந்தால் அதிர்ஷ்டம், டீப் என்பதுதான் எஸ்3. அடுத்து, பேட்டரியின் எனர்ஜி_நவ் கோப்பில் உள்ள எண்ணை மூடுவதற்கு முன்பும் திறந்த பின்பும் குறித்துக்கொள்ளுங்கள். அது மைக்ரோவாட்-மணியில் இருக்கும், பத்து லட்சத்தால் வகுத்தால் வாட்-மணி. சதவீதத்தை நம்பாதீர்கள். 1 சதவீதம் என்பது ஒவ்வொரு பேட்டரிக்கும் வேறு அளவு.

மெய்ப்பாளர்:

நூல்பிடி, பொறுமையாக எழுதியதற்கு மிக்க நன்றி. நேற்று இரவு அளந்தேன்.

மெம்_ஸ்லீப் கோப்பில் எஸ்2ஐடில் என்ற ஒரே சொல். டீப் இல்லை. பயாஸ் பக்கங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன், தூக்கத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

இரவு 10:20-க்கு மூடும்போது 41.26 வாட்-மணி. காலை 6:50-க்குத் திறந்தபோது 24.19. எட்டரை மணி நேரத்தில் 17.07 போயிருக்கிறது. அதாவது சராசரி 2 வாட். இந்தக் கணக்கில் 41 வாட்-மணி இருபது மணி நேரத்துக்குத்தான் காணும், வெள்ளி மாலை மூடினால் சனி மதியமே தீர்ந்திருக்கும். திங்கள் வரை எங்கே தாங்கும்!

பழைய லேப்டாப்பையும் எடுத்து அதே சோதனையைச் செய்தேன். அதன் பேட்டரி தேய்ந்து பாதியாகிவிட்டது, இருந்தும் அதே எட்டரை மணி நேரத்தில் 2.6 வாட்-மணிதான் குறைந்திருக்கிறது. அந்த இரண்டு எண்களையும் பக்கம் பக்கமாக எழுதிப் பார்த்தபோது எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது. நன்றாக வேலை செய்த ஒன்றை எடுத்துவிட்டு, எடுத்ததை வாங்குபவருக்குச் சொல்லவும் இல்லையே.

நூல்பிடி:

2 வாட் என்றால் சந்தேகமே இல்லை, சிப் ஆழத்துக்கு இறங்கவில்லை. டீபக் அடைவுக்குள் பிஎம்சி_கோர் என்ற இடத்தில் எஸ்எல்பி_எஸ்0 என்ற ஆழ்ந்த ஓய்வில் சிப் தங்கிய நேரத்தைக் காட்டும் கோப்பு ஒன்று உண்டு. தூங்கி எழுந்த பிறகும் அதில் பூஜ்யமே இருந்தால் கையும் களவுமாகப் பிடித்த மாதிரி. எந்த டிவைஸ் தடுக்கிறது என்று நூல் பிடித்துப் போகலாம். எனக்கு அதைக் கண்டுபிடிக்கவே இரண்டு வாரம் ஆனது, கடைசியில் எஸ்டி கார்டு ரீடர். எல்லோருக்கும் அந்தப் பொறுமை வேண்டியதில்லை. உங்கள் தேவைக்கு ஹைபர்னேட்தான் நேர்வழி.

அது எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் எங்கே முறியும் என்பதும் தெரியும். இயங்குதளத்தின் மையமான கெர்னல் முதலில் எல்லா நிரல்களையும் அசையாமல் நிறுத்துகிறது. டிவைஸ்களை அமைதிப்படுத்துகிறது. நினைவகத்தின் நகல் ஒன்றை நினைவகத்திலேயே எடுக்கிறது. நகலுக்கும் இடம் வேண்டும் என்பதால் அது ரேமில் ஏறக்குறைய பாதியைத் தாண்ட முடியாது. மிச்சத்தைத் தூக்கி எறியலாம் அல்லது ஸ்வாப்புக்கு, அதாவது ரேமில் கொள்ளாததற்காக வட்டில் ஒதுக்கிய இடத்துக்கு, தள்ளலாம். பிறகு அந்த நகலைச் சுருக்கி ஸ்வாப்பில் எழுதிவிட்டு அணைகிறது. அடுத்த முறை பவர் பட்டனை அழுத்தினால் புதிய கெர்னல் ஒன்று எழுந்து, ஸ்வாப்பில் அடையாளம் இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் நகலை நினைவகத்தில் ஏற்றிவிட்டு, தன் இடத்தைப் பழைய கெர்னலுக்கு விட்டுக்கொடுத்து விலகிவிடும். நிறுத்தியிருந்த நிரல்களுக்கு நடுவில் நடந்த எதுவும் தெரியாது.

ஆகவே முதல் தேவை போதுமான ஸ்வாப். உங்களிடம் எவ்வளவு இருக்கிறது? 1 ஜிபி என்றால் ஆகாது. 16 ஜிபி ரேமுக்கு 20 ஜிபி ஸ்வாப் கோப்பு ஒன்றை உருவாக்குங்கள். இசட்ரேம் என்ற சுருக்கிய ஸ்வாப் கணக்கில் வராது, அது ரேமுக்குள்ளேயே இருப்பது, மின்சாரம் போனால் அதுவும் போச்சு.

இரண்டாவது, எழும் கெர்னலுக்கு அந்த இடத்தைச் சொல்வது. ஸ்வாப் தனிப் பகிர்வாக இருந்தால் ரெஸ்யூம் என்ற அளபுரு ஒன்று போதும். கோப்பாக இருந்தால் ரெஸ்யூம்_ஆஃப்செட்டும் வேண்டும், அதாவது வட்டில் அந்தக் கோப்பு எங்கே தொடங்குகிறது என்ற எண். கோப்பு முறைமை இஎக்ஸ்டி4 என்றால் ஃபைல்ஃபிராக் கட்டளை காட்டும் அட்டவணையில் முதல் வரியின் பிசிக்கல் ஆஃப்செட். பிடிஆர்எஃப்எஸ் வைத்திருப்பவர்கள் ஃபைல்ஃபிராக் காட்டுவதை எடுக்காதீர்கள், அது வேறு கணக்கு. அதற்கென்று பிடிஆர்எஃப்எஸ் கருவியிலேயே மேப்-ஸ்வாப்ஃபைல் என்ற உட்கட்டளை உண்டு. இரண்டு அளபுருக்களையும் கெர்னலை ஏற்றும் நிரலான கிரப்பின் அமைப்பில் சேர்த்து, கிரப்பையும், பூட் ஆகும்போது கெர்னலோடு ஏறும் சிறு கோப்புத் தொகுப்பான இனிட்ராம்எஃப்எஸ்ஸையும் புதுப்பிக்க வேண்டும்.

எஸ்எஸ்டி பயம் வேண்டாம். ஒரு நாளைக்கு 4 ஜிபி எழுதினாலும் வருடத்துக்கு 1.5 டெராபைட் கூட வராது. 500 ஜிபி அளவுள்ள சாதாரண எஸ்எஸ்டிகள் பலவற்றுக்கு 300 டெராபைட் வரை எழுத உத்தரவாதம் தருகிறார்கள். வருடம் எத்தனை என்று நீங்களே வகுத்துப் பாருங்கள்.

பூட்டுசாவி:

ஒரு முக்கியமான விஷயம் விட்டுப்போயிருக்கிறது. செக்யூர் பூட் இயங்கிக்கொண்டிருந்தால் மேலே சொன்ன எல்லாவற்றையும் சரியாகச் செய்தாலும் ஹைபர்னேட் நடக்காது. டெபியன், உபுண்டு, ஃபெடோரா மூன்றிலும் செக்யூர் பூட்டோடு எழும் கெர்னல் லாக்டவுன் என்ற கட்டுப்பாட்டு நிலைக்குப் போய்விடும். அந்த நிலையில் பவர் அடைவில் உள்ள டிஸ்க் கோப்பைப் படித்தால் டிஸேபிள்டு என்று வரும்.

காரணம் இருக்கிறது. செக்யூர் பூட்டின் பொருளே கையெழுத்துச் சரிபார்க்காத எதுவும் கெர்னலாக ஓடக் கூடாது என்பது. ஆனால் ஹைபர்னேட் நகல் வட்டில் கிடக்கிறது, அதற்குக் கையெழுத்து கிடையாது. வட்டைக் கழற்றி அந்த நகலை யாராவது மாற்றி வைத்தால் எழும் கெர்னல் கண்ணை மூடிக்கொண்டு அதை ஏற்றிவிடும். கெர்னல்காரர்கள் பிடிவாதத்துக்காகத் தடுக்கவில்லை.

அதனால் செக்யூர் பூட்டை அணைத்துவிடுங்கள் என்று யோசிக்காமல் சொல்ல எனக்கு மனம் வராது. உங்கள் வட்டு முழுவதும் லக்ஸ் என்ற லினக்ஸ் முறையால் குறியாக்கம் செய்யப்பட்டு, ஸ்வாப் கோப்பும் அதற்குள்ளேயே இருந்தால், வட்டைக் கழற்றியவர் நகலைப் படிக்க முடியாது, நினைத்தபடி மாற்றவும் முடியாது. பூட் பகிர்வில் கைவைக்கும் ஆபத்து மட்டும் மிஞ்சும். வேலை மேசையை விட்டு அதிகம் நகராத லேப்டாப்புக்கு அது ஏற்கக்கூடியதா என்பதை நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும். குறியாக்கமே இல்லாத வட்டு என்றால், செக்யூர் பூட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் உங்கள் ஆசிரியர்களின் கைப்பிரதிகள் திறந்துதான் கிடக்கின்றன, முதலில் அதைக் கவனியுங்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு: விண்டோஸும் சேர்த்து வைத்திருந்தால் செக்யூர் பூட்டை அணைக்கும் முன் அதன் வட்டுக் குறியாக்கமான பிட்லாக்கரின் மீட்புச் சாவியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த பூட்டில் அது கேட்கலாம். இன்னொன்று, விண்டோஸ் 8 முதல் உள்ள ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப், ஷட்டவுன் என்ற பெயரில் கெர்னலை ஹைபர்னேட் செய்வதுதான். அந்த நிலையில் விண்டோஸ் பகிர்வை லினக்ஸிலிருந்து எழுதினால் கோப்புகள் கெட்டுப்போகலாம்.

கோடைமழை:

இவ்வளவு இருக்கிறது என்று தெரியாமல் ஷட்டவுன் செய்யச் சொல்லிவிட்டேன், மன்னிக்கவும். என் வீட்டு லேப்டாப்பில் ஓபன்பிஎஸ்டி என்ற வேறு இயங்குதளம் இருக்கிறது. அதில் ஏபிஎம்டி என்ற பின்னணி நிரல் ஓடிக்கொண்டிருந்தால் சிறிய எழுத்தில் மூன்று இசட் தட்டினால் தூக்கம், பெரிய எழுத்தில் மூன்று இசட் தட்டினால் ஹைபர்னேட். ஸ்வாப் ரேம் அளவுக்கு இருக்க வேண்டும் என்பதைத் தவிர நான் எதையும் அமைத்ததில்லை. லினக்ஸிலும் அவ்வளவு எளிதாக இருக்கும் என்று நினைத்துவிட்டேன்.

மெய்ப்பாளர்:

இரண்டு மாலைகள் உட்கார்ந்தேன். நடந்ததைச் சொல்கிறேன், இதே பாதையில் வருபவருக்கு உதவும்.

வட்டு ஏற்கெனவே லக்ஸ் குறியாக்கத்தில்தான் இருந்தது, நிறுவும்போதே செய்திருந்தேன். அதனால் செக்யூர் பூட்டை அணைத்தேன். பூட்டுசாவி விளக்கியிராவிட்டால் அணைத்திருக்கவும் மாட்டேன், அணைக்காமல் ஏன் நடக்கவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொண்டிருப்பேன்.

20 ஜிபி கோப்பு உருவாக்கி எம்கேஸ்வாப் கட்டளை கொடுத்தேன். அது முடிந்ததும் யுயுஐடி என்ற அடையாள எண் ஒன்றைக் காட்டியது. அதையே எடுத்து ரெஸ்யூமில் போட்டேன். ஹைபர்னேட் கொடுத்ததும் அழகாக அணைந்தது. திரும்ப எழுப்பியபோது கறுப்புத் திரையில், ரெஸ்யூம் டிவைஸுக்காகக் காத்திருந்து கைவிட்டதாக ஒரு வரி வந்து, புத்தம் புதிதாக பூட் ஆகிவிட்டது. மூன்று முறை இப்படி. பிறகுதான் புரிந்தது, எம்கேஸ்வாப் காட்டுவது ஸ்வாப் கோப்பின் சொந்த எண். ரெஸ்யூமுக்கு வேண்டியது அந்தக் கோப்பு குடியிருக்கும் கோப்பு முறைமையின் எண். இரண்டும் ஒரே மாதிரி நீளமான எண்கள், பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. ஃபைண்ட்எம்என்டி கட்டளையில் ஸ்வாப் கோப்பின் பாதையைக் கொடுத்து எடுத்த எண்ணைப் போட்டதும் நான்காவது முறை எழுந்தது. லக்ஸ் கடவுச்சொல் கேட்டது, கொடுத்தேன், சில வினாடியில் மூன்று படிகளும் நின்ற வரியிலேயே கண்முன் நின்றன. சுட்டி ஒரு சொல்லின் நடுவில் துடித்துக்கொண்டிருந்தது. ‘அருகில்’ என்பதில் ‘ரு’வுக்குப் பின்னால் நான் வேண்டுமென்றே நிறுத்திவிட்டுப் போன இடம் அது.

வைஃபை மட்டும் எழவில்லை. அந்த டிரைவரை அகற்றி மறுபடி ஏற்றினால் வருகிறது. சிஸ்டம்-ஸ்லீப் அடைவில் ஐந்து வரி ஸ்கிரிப்ட் ஒன்று வைத்தேன். தூங்கும் முன் பிரீ என்றும் எழுந்த பின் போஸ்ட் என்றும் பின்னணிச் சேவைகளை நடத்தும் சிஸ்டம்டி அதற்குச் சொல்லியனுப்புகிறது. பிரீ என்றால் டிரைவரை அகற்று, போஸ்ட் என்றால் ஏற்று. அவ்வளவுதான்.

நூல்பிடி:

யுயுஐடி விஷயத்தை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். அங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள்.

மூடியைச் சாத்தும்போதெல்லாம் ஹைபர்னேட் ஆனால் பத்து நிமிட இடைவேளைக்கும் கடவுச்சொல் தட்ட வேண்டிவரும். அதற்கு சிஸ்டம்டியில் சஸ்பெண்ட்-தென்-ஹைபர்னேட் என்ற வழி உண்டு, 2018-இல் சேர்த்தார்கள். முதலில் சாதாரணத் தூக்கம். நீங்கள் சொன்ன நேரம் கடந்ததும் இயந்திரம் தன் உள்கடிகார அலாரத்தால் எழுந்து, தானே ஹைபர்னேட் ஆகிவிடும். லாகின்ட் அமைப்பில் ஹேண்டில்லிட்ஸ்விட்ச் என்பதற்கு இதைக் கொடுங்கள், ஸ்லீப் அமைப்பில் ஹைபர்னேட்டிலேசெக் என்பதில் நேரத்தைக் கொடுங்கள். கேடிஇ டெஸ்க்டாப் பயன்படுத்துகிறீர்கள் என்றால் மூடியை அதுவே கவனித்துக்கொள்ளும், அதன் பவர் பக்கத்தில் மாற்ற வேண்டும்.

எழும்போது முழுதாக உறைந்துபோகிறது என்று இனி யாராவது வந்தால், பவர் அடைவின் டிஸ்க் கோப்பில் பிளாட்ஃபார்ம் என்பதை ஷட்டவுன் என்று மாற்றிப் பாருங்கள். ஃபர்ம்வேரின் எஸ்4-ஐ நம்பாமல் சாதாரணமாக அணைத்துவிடும். நகல் வட்டில் இருப்பதால் இழப்பு ஒன்றும் இல்லை. தடுமாறும் ஃபர்ம்வேர்கள் பலவற்றுக்கு இதுவே போதும்.

மெய்ப்பாளர்:

அரை மணி நேரம் என்று வைத்தேன். வெள்ளி மாலை 6 மணிக்கு 38.4 வாட்-மணியோடு மூடினேன், இந்த முறை சார்ஜரை வேண்டுமென்றே கழற்றி வைத்தேன். இன்று திங்கள் காலை 8 மணிக்குத் திறந்தால் 37.1. 62 மணி நேரத்தில் 1.3, அதில் பெரும்பங்கு அந்த முதல் அரை மணி நேரத்துக்கு. எழுந்து நிற்கக் கடவுச்சொல்லோடு சேர்த்து 31 வினாடி. சந்தேகங்கள் ஜன்னலில் ஒன்பது வரிகள், ஒன்பதும் இருக்கின்றன. 263-ஆம் பக்கத்திலிருந்து தொடங்கிவிட்டேன்.

நூல்பிடி, பூட்டுசாவி இருவருக்கும் மனமார்ந்த நன்றி. கெர்னல் புதுப்பிப்பு வரும்போது நான் எதையாவது மறுபடி செய்ய வேண்டுமா?

நூல்பிடி:

வேண்டாம், இனிட்ராம்எஃப்எஸ் தானே புதிதாகும். ஆனால் ஸ்வாப் கோப்பை என்றைக்காவது அழித்துப் பெரிதாக உருவாக்கினால் ஆஃப்செட் எண் மாறிவிடும், அன்று மறக்காமல் ஃபைல்ஃபிராக் ஓட்டி கிரப்பில் திருத்துங்கள்.